பாகலோனியா

அன்று காலை முன்தோட்டத்தில் இருந்தவர்கள்: தோட்டத்தை வடிவமைத்த அண்ணன், அந்தத் தோட்டமும் அதன் பின்னால் இருந்த வீடும் யாருக்குச் சொந்தமோ அந்தத் தங்கை, பாதி உடம்பு கதவுக்கு உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்ற அவள் கணவன், புதிதாக ஒரு பங்களா கட்டிக்கொண்டிருந்ததால் 'பெரிய வீட்டம்மா' என்று அண்ணன் தன் போனில் பெயர் போட்டு வைத்திருந்த ஓர் அம்மாள், அவருடைய டிரைவர், வாயால் தண்ணீர் துப்பும் ஒரு கல் வாத்து, ரோஜாப் பாத்தியில், ரோஜாக்களுக்கு நடுவே, யாரும் கூப்பிடாமலே வந்து தலையை நீட்டிக்கொண்டிருந்த ஒரு கத்தரிச் செடி.

செடியில் ஒரு காய் தொங்கியது. பிஞ்சாக இருந்திருந்தால் இலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இது பிஞ்சு இல்லை. குண்டாக, ஊதாவாக, எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல மினுக்கிக்கொண்டு, சுற்றியிருந்த ரோஜாக்களை ஏழை உறவினர்கள்போல ஆக்கியிருந்தது.

"இது என்ன செடி?" என்றார் பெரிய வீட்டம்மாள்.

அண்ணனும் அந்தச் செடியை அந்தக் கணத்தில்தான் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு பல்வலி வந்து போனது. தங்கை பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருபவள். அந்த முகம் அவளுக்குத் தினமும் பழக்கம். வலி அதிகம், சொல்லத்தான் வெட்கம் என்று அதற்கு அர்த்தம்.

"இதுங்களா?" என்றான் அண்ணன். "இது வந்து... வயலெட்டா இம்பீரியல்."

"வெளிநாடா?"

"ஆமாங்க. கப்பல்ல வந்தது."

கணவனின் வெளியே இருந்த பாதியும் உள்ளே போனது.

பெரிய வீட்டம்மாள் குனிந்தார். கனத்த உடம்பு, ஆனாலும் சிரமமில்லாமல் குனிந்தார். காம்பை இரண்டு விரலால் பிடித்து, காயை லேசாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பேரை இன்னொரு தடவை சொல்லுங்க."

"வயலெட்டா இம்பீரியல்."

"எழுதிக்கப்பா," என்றார் டிரைவரிடம். டிரைவர் போனை எடுத்தார். அவருக்குத் திடீரென்று இருமல் வந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கார் தெருமுனை திரும்பியதும் அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பினான்.

"என் தோட்டத்துல கத்தரிக்காயா?"

"என் வீட்டுக்கு முன்னாடி உன் தோட்டம் எப்படி வந்துச்சு? அதை முதல்ல சொல்லு."

வந்த கதை இதுதான். அவர்கள் வீடு வாங்கியபோது அண்ணன் இந்தத் தோட்டத்தைப் பரிசாகப் போட்டுக் கொடுத்தான். வீட்டு முன்தோட்டங்களை அழகுபடுத்திக் கொடுப்பதுதான் அவன் தொழில். பரிசு என்றுதான் சொன்னான். மாதிரித் தோட்டம் என்று சொல்லவில்லை. வாசலில் வந்து நின்ற கார்களைப் பார்த்துத்தான் தங்கை அதைத் தெரிந்துகொண்டாள். முன்பின் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் வந்து அவள் புல்தரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். வாசலில் துணி காயப்போடக் கூடாது, பார்வை கெடும். புல்லின் மேல் நடக்கக் கூடாது, புல் கெடும். தண்ணீர் ஊற்றுவது, வெட்டுவது, உரம் போடுவது எல்லாம் அவள். புல் திருப்பிக் கொடுத்தது இன்னும் கொஞ்சம் புல். பசுமாடு வளர்ப்பவர்களுக்குப் பால் கிடைக்கிறது. பசுமாட்டின் சாப்பாட்டை மட்டும் வளர்த்துக்கொண்டிருக்கிற வீடு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றிய அன்றைக்கு ஒரு கத்தரி நாற்றை வாங்கி வந்து ரோஜாக்களுக்கு நடுவே நட்டாள்.

"பிடுங்கிடறேன்," என்று அண்ணன் செடியின் கழுத்தைப் பிடித்தான்.

"பிடுங்கிக்கோ. உன் மாப்பிள்ளை ஆசைப்பட்டு வெச்சது."

அண்ணனின் கை நின்றது. வீட்டு மாப்பிள்ளையை முகம் சுளிக்க வைக்கக் கூடாது என்பது அவன் அப்பா அவனுக்குச் சொல்லிக் கொடுத்த விஷயங்களில் ஒன்று. மற்றதையெல்லாம் மறந்துவிட்டான். இது மட்டும் நின்றுவிட்டது.

"மாப்ள வெச்சதா?" என்றான், குரலைத் தணித்து.

"நானா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"நீங்கதாங்க," என்றாள் தங்கை, கதவைப் பார்த்து. "வெளிய வந்து சொல்லுங்க."

கணவன் வெளியே வந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்குபவன், மச்சானைக் கண்டால் மட்டும் தானாகவே இறங்கிவிடுவான். மனைவியைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான். எந்த ஆபத்து பக்கத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டான்.

"ஆமா மச்சான். சின்ன வயசுலேருந்தே ஒரு ஆசை."

"அதுக்கென்ன மாப்ள," என்றான் அண்ணன், செடியை விட்டுவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்தபடி. "இருந்துட்டுப் போகட்டும். அந்தக் காயை மட்டும் பறிச்சுக்குங்க. ஆள் வந்தா அசிங்கம்."

அதோடு முடிந்திருக்க வேண்டியது. மறுநாள் அண்ணன் போன் செய்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அந்தம்மாவுக்கு அது பிடிச்சுப் போச்சாம்."

"எது?"

"வயலெட்டா. கார் நிக்கிற பாதையோரமா வரிசையா வைக்கணுமாம். வரிசையா வெச்சா எப்படி இருக்கும்னு, செடி வளந்ததும் பாக்க வர்றாங்களாம்."

"கத்தரின்னு சொல்லிடேன்."

"இப்பப் போய்ச் சொல்லவா? கப்பல்ல வந்துச்சுன்னு சொல்லியிருக்கேன். அந்தம்மா பங்களா வேலை மட்டும் கைக்கு வந்துட்டா நான் இனிமே யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்க வேண்டாம். ஒரு வரிசை வெச்சுடு."

"வரிசை வைக்கணும்னா புல்லை எடுக்கணுமே."

ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

"எடு."

தங்கை போனைக் கீழே வைத்துவிட்டு, கணவனிடம் கடப்பாரையைக் கொண்டுவரச் சொன்னாள்.

புல்லை எடுப்பது அவர்கள் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. மண்வெட்டியால் ஓரத்தைக் கீறினால் பாய்போலச் சுருண்டு வந்தது. அதற்குக் கீழே ஒரு சாண் மணல். மணலுக்குக் கீழே வீடு கட்டியபோது மிஞ்சிய எல்லாமும் இருந்தது: உடைந்த ஓடு, இறுகிப்போன சிமெண்ட் மூட்டை, வளைந்த ஆணிகள், யாரோ ஒரு கொத்தனாரின் ஒற்றைச் செருப்பு. அண்ணன் குப்பைமேட்டுக்குப் பச்சைப் போர்வை போர்த்திப் பரிசாகக் கொடுத்திருந்தான்.

"பரவாயில்லை, உங்க அண்ணன் சிக்கனமான ஆளுதான்," என்றான் கணவன், செருப்பைத் தூக்கிப் பார்த்து.

"பேசாம தோண்டுங்க."

தினமும் வேலைக்குப் போகும் முன் தோண்டினார்கள். கற்களைப் பொறுக்கினார்கள். காய்ந்த இலை, காய்கறித் தோல், சாண உரம் என்று கிடைத்ததையெல்லாம் போட்டுக் கிளறினார்கள். தங்கை ஆஸ்பத்திரி மேஜைக்கு நகக் கண்ணில் மண்ணோடு போனாள். பல் டாக்டர் பார்த்துவிட்டு, பிடுங்கின பல்லை எங்காவது புதைக்கிறாயா என்று கேட்டார்.

ஒரு வரிசை என்று ஆரம்பித்ததுதான். ஆனால் ஒற்றை வரிசைக் கத்தரி, சும்மா நிற்கிற வரிசைக் கத்தரியாகத்தான் தெரிந்தது. அதை அலங்காரமாகக் காட்ட வேண்டுமானால் பக்கத்தில் உயரமாக ஏதாவது வேண்டும் என்றாள் தங்கை. வெண்டை வைத்தாள். உயரமாக வைத்தால் தரையில் படர்கிற மாதிரி ஏதாவது வேண்டும். பூசணி வைத்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சிவப்பு இல்லாமல் எப்படி. தக்காளி. கூழாங்கல் பாதையின் அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்து அங்கே மிளகாய். கல் வாத்தின் வாய்க்குப் போன குழாயைப் பிடுங்கி, ஓட்டை போட்டு, வெண்டைக்கு விட்டான் கணவன். வாத்தின் தொட்டியில் புதினா தழைத்தது. வாத்து இப்போது கழுத்தளவு புதினாவில் நின்றுகொண்டிருந்தது. துப்புவதை நிறுத்தியபிறகு அதற்குக் கொஞ்சம் மரியாதை வந்திருந்தது.

பந்தல்தான் கணவனின் பங்கு. வேலை செய்யுமிடத்தில் கழித்துப் போட்ட பழைய லிஃப்ட் கம்பி வடத்தைக் கேட்டு வாங்கி வந்து, ஜன்னல் மேலிருந்து மதில்சுவர் வரை இழுத்துக் கட்டினான். பத்துப் பேர் ஏறினாலும் தாங்கும் என்றான். பாகல் கொடி ஏறியது.

எல்லாம் காய்க்கத் தொடங்கியிருந்தபோது பெரிய வீட்டம்மாள் இரண்டாவது முறை வந்தார். அண்ணன் காரிலிருந்து இறங்கி, கேட்டைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்து, அப்படியே நின்றான். அவன் விட்டுவிட்டுப் போனது ஒரு புல்தரை. அதில் இடதுபக்கம் முழுக்க இல்லை.

"ஒரு வரிசைன்னுதானே சொன்னேன்," என்று பல்லைக் கடித்தபடி தங்கையிடம் முணுமுணுத்தான்.

"மாப்பிள்ளை ஆசைப்பட்டாரு."

"இது என்னங்க?" என்றார் பெரிய வீட்டம்மாள், வெண்டையைக் காட்டி.

அண்ணனின் நெற்றி வேர்த்தது. "எமரால்ட் டவர்."

"இது?"

தக்காளி. "ரூபி காஸ்கேட்."

"தரையில படர்ந்திருக்கே?"

"கோல்டன்... கோல்டன் கார்பெட்டுங்க. ஒரு ராஜா அரண்மனையில மட்டும்தான் இருந்துச்சு. இப்பதான் வெளிய விடறாங்க."

பெரிய வீட்டம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். டிரைவர் ஒவ்வொன்றையும் போனில் ஏற்றினார், ஒவ்வொன்றுக்கும் இருமினார். தங்கை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு மறுபடி இருமினார்.

அம்மாள் பந்தலுக்குக் கீழே போய் நின்றார். தலைக்கு மேலே பாகற்காய்கள் முண்டும் முடிச்சுமாகத் தொங்கின. அண்ணன் பின்னால் வந்துகொண்டிருந்தான், ஆனால் ராஜா அரண்மனையோடு அவன் சரக்கு தீர்ந்திருந்தது. பந்தலடியில் மாட்டிக்கொண்டது கணவன்.

"இது என்ன தம்பி?"

"இதும்மா," என்றான் கணவன். "இது பாகல்..."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"...ஓனியா," என்றான் கணவன். "பாகலோனியா."

பெரிய வீட்டம்மாள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு அந்தப் பெயரை வாயில் போட்டு மெதுவாகச் சுவைப்பதுபோலச் சொன்னார்.

"பாகலோனியா." இன்னொரு முறை சொன்னார். "ரொம்ப நல்லாருக்கு. தம்பி என்ன வேலை பாக்குறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"அங்க வீணாப் போறீங்க," என்றார். டிரைவரிடம் திரும்பி, "இதை முதல்ல எழுது," என்றார். டிரைவர் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருமினார்.

அவர்கள் போனபிறகு அண்ணன் வாத்துத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். புதினா அவன் முதுகைத் தடவியது.

"பாகலோனியா. மாப்ள, உங்களை நான் இத்தனை நாளா தப்பா எடை போட்டுட்டேன்."

"வாய் தவறிடுச்சு மச்சான்."

"உலகத்துல இவ்வளவு அப்பாவியா ஒரு அம்மா இருப்பாங்கன்னு நான் நினைக்கலை. ஆனா அடுத்த தடவை தனியா வரலை. மருமகளைக் கூட்டிட்டு வர்றாங்க. அந்தப் பொண்ணு படிச்சது வீட்டு அலங்காரம். அது சரின்னாத்தான் வேலை நமக்கு." அண்ணன் எழுந்தான். மாப்பிள்ளை இருப்பதால் தங்கையைப் பார்த்துப் பேசினான். "கேட்டுக்கோ. அன்னைக்குக் காலையில எல்லாக் காயையும் பறிச்சுடு. ஒரு பிஞ்சு கண்ணுல படக் கூடாது. இலையும் பூவும் மட்டும் இருக்கட்டும். புல் வண்டி தெருவுல தயாரா நிக்கும். அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சு வேலை கைவிட்டுப் போச்சுன்னா, நான் இந்தத் தோட்டத்தை வெச்சுத்தான் அடுத்த ஆளைப் பிடிக்கணும். அன்னைக்கே மொத்தத்தையும் பிடுங்கிட்டுப் பழையபடி புல்லு."

"நான் தோண்டின மண்ணு அண்ணே அது."

"நான் போட்ட தோட்டம்."

தங்கை அந்த இடத்தைப் பார்த்தாள். கொத்தனாரின் செருப்புக் கிடந்த இடத்தில் இப்போது தக்காளி பூத்திருந்தது.

"கையெழுத்து ஆயிடுச்சுன்னா?"

"ஆயிடுச்சுன்னா எனக்கு எதுக்கு இந்த இடம்? அந்தம்மா பங்களாவே எனக்கு மாதிரித் தோட்டம். நீ இங்க யானை வேணாலும் வளத்துக்கோ. நான் இந்தக் கேட்டைத் தாண்டி ஆளைக் கூட்டிட்டு வரமாட்டேன்."

"சத்தியமா?"

"மாப்ள மேல சத்தியமா."

"என் மேல எதுக்கு?" என்றான் கணவன்.

சொன்ன நாளில் தங்கை விடியலிலேயே எழுந்து பறித்தாள். கூடை, வாளி, துணிக்கூடை எல்லாம் நிரம்பின. தன் வாழ்க்கையில் இவ்வளவு காய்கறியை அவள் கடையில்தான் பார்த்திருக்கிறாள். அதை மறைக்கத்தான் பறிக்கிறோம் என்பது அவ்வப்போது மறந்துபோய்ச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள். பல் டாக்டர் வண்டியை நிறுத்தி வாங்கிக்கொண்டு போனார். ஒரு பங்கை அடுப்பில் ஏற்றினாள்.

அப்போது அண்ணனின் போன் வந்தது.

"பறிச்சுட்டியா?"

"ஒண்ணு விடலை."

"ஐயோ. அந்தம்மா இப்பதான் போன் பண்ணாங்க. அந்த ஊதா மணியெல்லாம் நிறையத் தொங்கணுமாம். மருமக அதைப் பாத்துத்தான் மயங்கணுமாம். கிளம்பிட்டாங்க. நானும் வந்துட்டிருக்கேன். எதையாவது பண்ணு."

தங்கை அடுப்பை அணைத்தாள். வெந்தது போக, கொடுத்தது போக, ஒரு கூடை மிச்சம் இருந்தது.

"ஏங்க, நூல் எங்க?"

வீட்டில் நூல்கண்டு இருந்தது. வெள்ளை. வெள்ளை நூலில் ஊதாக் கத்தரிக்காய் தொங்கினால் தூக்குப் போட்டுக்கொண்டதுபோலத் தெரிந்தது. தங்கை கைப்பையைக் கவிழ்த்தாள். பல்லிடுக்கில் விட்டு இழுத்துச் சுத்தம் செய்கிற நூல், ஆஸ்பத்திரியில் விளம்பரத்துக்குக் கொடுத்த டப்பாக்கள், பச்சை நிறத்தில், குவியலாக விழுந்தன.

இருவரும் குனிந்து கட்டினார்கள். அவள் சுருக்குப் போட்டாள். கணவன் தொழில் முடிச்சுப் போட்டான். அவன் கட்டிய காய் இனி செடி செத்தாலும் விழாது. அவள் கட்டியதற்கு அப்படி உத்தரவாதம் இல்லை. வாசலில் கார் சத்தம் கேட்டபோது கையில் கடைசியாக மிஞ்சியதை எங்கே என்று பார்க்காமல் ஒரு செடியில் மாட்டிவிட்டு நிமிர்ந்தான் கணவன்.

மருமகள் இறங்கினாள். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் செருப்பு, மண்ணில் கால் வைக்கும் முன் மண்ணிடம் விளக்கம் கேட்கிற நடை. பின்னால் பெரிய வீட்டம்மாள், அவருக்குப் பின்னால் டிரைவர். தெருவில் புல் வண்டி இன்ஜினை அணைக்காமல் நின்றது.

"இதுதான் வயலெட்டாவா?" என்றாள் மருமகள். குனிந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். "பெப்பர்மிண்ட் வாசனை வருதே."

பல் நூலுக்கு வாசனை உண்டு என்பதைத் தங்கை மறந்திருந்தாள்.

"அதாங்க இதோட சிறப்பே," என்றான் அண்ணன். அந்த வாசனை ஏன் வருகிறதென்று அவனுக்குத் தெரியாது. தெரியாததையெல்லாம் சிறப்பு என்று சொல்லித்தான் அவன் தொழில் நடந்துகொண்டிருந்தது. "கிட்ட போனாத்தான் தெரியும். கொசு வராது."

"இந்தச் செடியில மட்டும் ஒண்ணு சிவப்பா இருக்கு?"

எல்லோரும் பார்த்தார்கள். கத்தரிச் செடியில் ஒரு தக்காளி தொங்கியது. கணவன் வானத்தைப் பார்த்தான்.

"ஒட்டு ரகம்," என்றான் அண்ணன். "ரொம்ப அபூர்வம். இன்னும் வெளிய சொல்லலை."

மருமகள் விரலால் பக்கத்துக் காயைத் தொட்டாள். தொட்டதுதான். தங்கையின் சுருக்கு அவிழ்ந்தது. காய் தொப்பென்று விழுந்து, உருண்டு, வெள்ளைச் செருப்பில் முட்டி நின்றது. தரையில் தனியாகக் கிடந்தபோது அதை வேறு எதுவென்றும் யாராலும் சொல்ல முடியாது.

மருமகள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அத்தை, இது கத்தரிக்கா மாதிரி இருக்கே."

தங்கை தெருவில் நின்ற புல் வண்டியைப் பார்த்தாள். சுருட்டி அடுக்கிய புல், பச்சைப் பச்சையாக, அவளுக்காகவே காத்திருந்தது. வண்டிக்காரர் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

"மாதிரிதாம்மா இருக்கு," என்றார் பெரிய வீட்டம்மாள், அமைதியாக. "கத்தரிக்காயா இருந்தா இவரு இவ்வளவு விலை சொல்லுவாரா?"

மருமகள் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது.

"பழுத்தா இப்படித்தான் தானா கழண்டு விழுமாம். இவரு அன்னைக்கே சொன்னாரு," என்று தொடர்ந்தார் அம்மாள். அண்ணன் அப்படி எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் வேகமாகத் தலையை ஆட்டினான். "அங்க பாரு, எமரால்ட் டவர். அது ரூபி காஸ்கேட். கீழ கோல்டன் கார்பெட், அரண்மனை ரகம். மேல படர்ந்திருக்கு பாரு, அது பாகலோனியா."

ஒன்றுகூடத் தடுமாறாமல் சொன்னார். பெயர் வைத்த அண்ணனுக்கே அதில் இரண்டு மறந்துபோயிருந்தது.

"பாகலோனியா," என்றாள் மருமகள், முகம் இளகி. "என் ஃப்ரெண்டு வீட்டுல இருக்கு அத்தை. ஆனா அவங்களோடது இவ்வளவு பெருசா வரலை."

"அவங்களுக்குப் பக்குவம் தெரியலை போல," என்றார் அம்மாள், கணவனின் பக்கம் பார்த்து. கணவன் பணிவாகத் தலைகுனிந்தான்.

"நம்ம வாசல்லயும் இதையே போட்டுடலாம் அத்தை. மொத்தமா. புல்லெல்லாம் இப்ப யாரும் வைக்கிறதில்லை."

"நீ சொன்னா சரிம்மா," என்றார் பெரிய வீட்டம்மாள். "எனக்கு இதிலெல்லாம் என்ன தெரியும்."

கார் முகப்பின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். கார் கிளம்பித் தெருவோரம் நிழலில் நின்றது. மருமகள் யாருக்கோ போனில் பாகலோனியாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தது.

தங்கை நேரே புல் வண்டியிடம் போனாள்.

"வண்டியை எடுங்கண்ணே. இங்க இறக்க இடமில்லை."

"இவ்வளவு புல்லையும் எங்கம்மா கொண்டுபோறது?"

"அவரு வீட்டு வாசல்ல போடுங்க," என்று அண்ணனைக் காட்டினாள். "அவருக்குப் புல்லுன்னா உயிரு."

அண்ணன் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. கேட் ஓரமாக நின்று, கையிலிருந்த ஒப்பந்தத்தை விசிறிபோல ஆட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கே கொஞ்சம் பாவமாத்தான் இருக்கு மாப்ள," என்றான். "நாளைக்கு யாராவது அந்தம்மாகிட்ட உண்மையைச் சொன்னா மனசு உடைஞ்சு போவாங்க. அவ்வளவு வெள்ளை மனசு."

"நீ ஏண்ணே கவலைப்படறே," என்றாள் தங்கை, மண்வெட்டியை எடுத்துக்கொண்டே. வலதுபக்கம் இன்னும் கொஞ்சம் புல் மிச்சம் இருந்தது. அதன் நடுவே போய் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, மண்வெட்டியை முதல் தடவையாகச் சத்தம் வரும்படி இறக்கினாள். பாய்போலச் சுருண்டு வந்தது. வாசலில் இனி என்ன நிற்க வேண்டும், எது காய வேண்டும், எது காய்க்க வேண்டும் என்று இனி அவளிடம்தான் கேட்க வேண்டும். மூன்றாவது வெட்டில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவன் துணிக்கொடிக்கு மிச்சமிருந்த கம்பி வடத்தைத் தேடி உள்ளே போனான்.

அப்போதுதான் டிரைவர் திரும்பி வந்தார். கையில் ஒரு துணிப்பை.

"எங்கம்மா கீழ விழுந்ததையும், கட்டி வெச்சிருக்கிறதையும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நூலை அவுத்துட்டுக் குடுத்தா நல்லது."

அண்ணன் பாய்ந்து நடுவில் நின்றான். "அதெல்லாம் எதுக்குங்க? அலங்காரத்துக்கு மட்டும்தான் அது. வாயில வைக்கக் கூடாது. விஷம்."

டிரைவர் இந்த முறை இருமவில்லை. சிரித்தார். அடக்கி வைத்திருந்த எல்லா இருமலுக்கும் சேர்த்து, துணிப்பையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தங்கை மண்வெட்டியை வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பையை வாங்கி, காய்களை அவிழ்த்துப் போட்டு, ஒட்டு ரகத்தையும் மேலே வைத்துக் கொடுத்தாள். டிரைவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே கால் வைத்தார். அண்ணன் பின்னாலேயே ஓடினான்.

"ஏங்க, நில்லுங்க, அந்தம்மாவுக்கு என்ன தெரியும்?"

"அம்மா காய்கறி மார்க்கெட்டுல கத்தரிக்கா மூட்டை இறக்கி முன்னுக்கு வந்தவங்க சார், பங்களா வாசல்ல காய்கறி போட்டா மானம் போயிடும்னு மருமக சொன்ன நாள்லேருந்து, அதுக்கெல்லாம் நல்லா பேரு வைக்கத் தெரிஞ்ச ஒரு ஆளைத்தான் ஊர் பூரா தேடிட்டிருந்தாங்க."

தெருவில் அண்ணன் நின்றது நின்றபடி நிற்க, தங்கை அவன் முதுகுக்குப் பின்னால் கேட்டைச் சாத்திப் பூட்டினாள்.